உட்கார ஓர் இடம், குடிக்க ஒரு வாய்த் தண்ணீர்



எங்கள் ஊரான வடகரப்பதி கேரள மாநிலம் பாலக்காடு மாவட்டத்தில், சித்தூர் வட்டத்தில் இருக்கிறது. கேரளம் என்றதும் நீங்கள் நினைக்கிற மழையும் பச்சையும் இங்கே குறைவு. இது மழை மறைவுப் பகுதி. தென்னந்தோப்பு, மேட்டுக்காடு, போர்வெல், ஓயாத காற்று, இவைதாம் எங்கள் சொத்து. பேசுவது தமிழ். சில்லறைச் சாமான் என்றால் கொழிஞ்சாம்பாறைக்குப் போவோம். பெரிய காரியம் என்றால் வேலந்தாவளத்தில் எல்லையைத் தாண்டிக் கோயம்புத்தூருக்குப் போவோம்.

பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி அப்படித்தான் தினமும் கோயம்புத்தூருக்குப் போய் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறாள். காலை பஸ்ஸில் போனால் இரவு பஸ்ஸில்தான் திரும்புவாள். ஒரு நாள் திண்ணையில் உட்கார்ந்து காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். வயது இருபத்து நான்குதான்.

"ஏங்கண்ணு, இந்த வயசுல காலுக்கு என்னாச்சு?" என்று கேட்டேன்.

"நாள் பூராம் நிக்கறதுதானுங்க பெரியப்பா."

"உக்காரதுக்குச் சட்டமே வந்திருச்சே. ஸ்டூல் போடலையா?"

"போட்டிருக்காங்க. அது மேல துணிக்கட்டு வெச்சிருக்காங்க."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. அதற்குக் காரணம் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நான் எலெக்ட்ரிக்கல் டிப்ளமா படித்தவன். 1982இல் ரயில்வேயில் சார்ஜ்மேனாகச் சேர்ந்து, 2019இல் சீனியர் செக்ஷன் இன்ஜினியராக ஓய்வு பெற்றேன். ரயில் ஓட்டுவதோ, எஞ்சின் பழுது பார்ப்பதோ என் வேலை அல்ல. நிலையங்கள், அலுவலகங்கள், ஊழியர் குடியிருப்புகள் ஆகியவற்றுக்கு விளக்கு, மின்விசிறி, தண்ணீர் பம்பு, இவற்றைப் பார்த்துக்கொள்வதுதான் என் பிரிவு. ஆகவே முப்பத்தேழு ஆண்டுகளில் நூற்றுக்கணக்கான அலுவலக அறைகளுக்குள் ஏணியோடும் டெஸ்டரோடும் நுழைந்திருக்கிறேன். பிறர் வேலை செய்யும் இடத்தை இத்தனை உள்ளே சென்று பார்க்கும் வாய்ப்பு எல்லோருக்கும் கிடைப்பதில்லை. நம் சங்கத்துக் குடும்பங்களில் அலுவலகம் போகிறவர்களும் உண்டு, நாலு பேரை வைத்து வேலை வாங்குகிறவர்களும் உண்டு. இரு சாராருக்கும் பயன்படலாம் என்றே இதை எழுதுகிறேன்.

நிழல் ஓடிய கணக்குப் புத்தகம்

எண்பதுகளின் கடைசியில் நடந்தது. ஒரு கணக்குப் பிரிவில் குமாஸ்தாக்கள் அடிக்கடி தலைவலி என்று லீவு போட்டார்கள். கூட்டலில் தவறு மிகுந்தது. மேலதிகாரி இதைச் சோம்பேறித்தனம் என்று முடிவு கட்டி, மெமோ கொடுத்தார், இருக்கையை மாற்றினார், ஒன்றும் பலிக்கவில்லை.

நின்றுபோன ஒரு மின்விசிறியைப் பார்க்க நான் அந்த அறைக்குப் போனேன். உதவியாளர் ஸ்டோரிலிருந்து கண்டென்சர் எடுத்து வரும்வரை ஒரு காலி நாற்காலியில் உட்கார்ந்தேன். பத்து நிமிடத்தில் எனக்கே கண் கூசித் தலை கனத்தது. மேலே பார்த்தேன். உயரமான பழைய கட்டடம். டியூப் லைட்டுகளைக் கூரையோடு ஒட்டி அடித்திருந்தார்கள். மின்விசிறிகளோ நீளக் கம்பியில் அவற்றுக்குக் கீழே தொங்கின. விசிறியின் இறக்கை வெளிச்சத்தை வெட்டி வெட்டி அனுப்பியது. லெட்ஜர் மேல் நிழல் ஓடிக்கொண்டே இருந்தது.

பக்கத்தில் இருந்த குமாஸ்தா மெதுவாகச் சொன்னார்: "மத்தியானம் ஃபேனை நிறுத்திட்டா தலைவலி நிக்குது சார். ஆனா வேர்வை லெட்ஜர்ல சொட்டுது."

அதாவது நோயின் காரணம் அவருக்கு முன்பே தெரியும். யாரும் அவரைக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

டியூப் லைட்டுகளைச் சங்கிலியில் இறக்கி விசிறி இறக்கைக்குக் கீழே தொங்கவிட்டோம். கொஞ்சம் கான்ட்யூட் குழாய், கொஞ்சம் ஒயர், இரண்டு ஆள் ஒரு நாள் வேலை. தலைவலி லீவு நின்றது. அன்று நான் கற்ற பாடம், எந்த மீட்டரும் காட்டாததை அங்கே உட்கார்ந்திருப்பவர் சொல்லிவிடுவார் என்பது.

வெளிச்சத்தைப் பற்றி

வெளிச்சத்தை அளக்கும் அலகு லக்ஸ். சாதாரண அலுவலக மேசைக்கு 300 முதல் 500 லக்ஸ் வேண்டும். வரைபடம் போடும் மேசைக்கு இன்னும் கூடுதலாக வேண்டும். ஆனால் அளவு மட்டும் போதாது. வெளிச்சம் எங்கிருந்து விழுகிறது என்பதும் முக்கியம். வலக்கையால் எழுதுகிறவருக்கு இடப்பக்கமிருந்து வர வேண்டும். இல்லையேல் கையின் நிழல் எழுத்தின் மேல் விழும். கம்ப்யூட்டர் திரை ஜன்னலைப் பார்த்தும் இருக்கக் கூடாது, ஜன்னலுக்கு முதுகு காட்டியும் இருக்கக் கூடாது. ஜன்னல் பக்கவாட்டில் இருப்பதே நல்லது.

நம் மின்சாரம் 50 சைக்கிள். பழைய சோக் வைத்த டியூப் லைட் வினாடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கும். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் சிலருக்குத் தலைவலியாக வெளிப்படும். இப்போது வரும் எல்இடி விளக்குகளிலும் மலிவான ரகங்களில் இந்தத் துடிப்பு உண்டு. கைப்பேசிக் கேமராவை விளக்குக்கு நேரே பிடித்தால் திரையில் பட்டை பட்டையாகக் கோடு ஓடுவதைச் சில சமயம் காணலாம். அப்படித் தெரிந்தால் அந்த விளக்கை நாள் முழுதும் வேலை செய்யும் மேசைக்கு மேல் போடாதீர்கள். இன்னொன்று, சுவருக்கு வெள்ளையடித்து விளக்கைத் துடைத்தாலே பாதிக் குறை தீரும். தூசி படிந்த விளக்கு மின்சாரத்தை முழுதாகத் தின்றுவிட்டு வெளிச்சத்தில் கஞ்சத்தனம் செய்யும்.

காற்றைப் பற்றி

மின்விசிறி காற்றைக் குளிரச் செய்வதில்லை. நம் உடம்பின் வியர்வையை உலர்த்துகிறது, அதனால் நமக்குக் குளிர்கிறது. ஆகவே ஆள் இல்லாத இடத்தில் சுற்றும் விசிறி வீண். ஆளுக்கு நேரே சுற்ற வேண்டும். "விசிறி மெதுவாகச் சுற்றுகிறது, புதிது வாங்க வேண்டும்" என்று பலர் சொல்வார்கள். பத்தில் பல இடத்தில் பழுதாகியிருப்பது கண்டென்சர் என்ற சின்ன டப்பிதான். மலிவான சாமான், மாற்றினால் விசிறி பழையபடி சுற்றும். அந்தச் சின்னப் பழுதைச் சொல்லவும் செய்யவும் ஆள் இல்லாமல் இரண்டு கோடைக்காலம் வெந்த அறைகளை நான் பார்த்திருக்கிறேன்.

ஏசி அறைகளில் வேறு விதமான வழக்கு. காற்று வரும் வாய்க்கு நேரே இருப்பவர் சால்வை போர்த்தியிருப்பார். மூலையில் இருப்பவர் கர்ச்சீப்பால் விசிறிக்கொண்டிருப்பார். ரிமோட் மேனேஜர் மேசையில் இருக்கும். இந்தியாவில் விற்கும் அறை ஏசிகள் 24 டிகிரியில் தொடங்கும்படி அமைக்கப்பட வேண்டும் என்ற விதி 2020 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. மின்சாரச் சேமிப்புக்காக வந்த விதிதான், ஆனால் உடம்புக்கும் அது ஒத்துவரும். காற்று வாயின் தகட்டைச் சற்றே மேல் நோக்கித் திருப்புவது, மேசையை இரண்டு அடி நகர்த்துவது, இந்த இரண்டிலேயே பெரும்பாலான சண்டை தீரும்.

அமெரிக்காவில் நடந்த ஒரு சோதனை

இந்த இடத்தில் ஒரு பழைய சோதனையைச் சொல்ல வேண்டும். சிகாகோவுக்கு அருகில் ஹாதார்ன் என்ற இடத்தில் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் கம்பெனி தொலைபேசிச் சாமான்கள் செய்தது. 1924இல் அங்கே வெளிச்சத்தைக் கூட்டினால் உற்பத்தி கூடுமா என்று பார்க்கத் தொடங்கினார்கள். கூட்டியபோது உற்பத்தி ஏறியது. பிறகு வெளிச்சத்தைக் குறைத்தார்கள். அப்போதும் இறங்கவில்லை. எங்களைப் போன்ற விளக்குக்காரர்களுக்கு இது பெரிய குழப்பம்.

1927இல் சில பெண் தொழிலாளர்களைத் தனி அறையில் உட்கார வைத்து, இடைவேளை, சிற்றுண்டி, வேலை நேரம் என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தார்கள். மாற்றும்போதெல்லாம் அவர்களிடம் பேசினார்கள், கருத்துக் கேட்டார்கள். உற்பத்தி ஏறிக்கொண்டே போயிற்று. எல்டன் மேயோ என்ற பேராசிரியர் இதை வைத்து, மனிதரைக் கவனிப்பதும் கேட்பதுமே பெரிய மருந்து என்று எழுதினார். அந்த அறையில் கூலி கணக்கிடும் முறையையும் மாற்றியிருந்தார்கள் என்பதையும் நாம் மறக்கக் கூடாது. பழைய கணக்குகளைப் பிற்காலத்தில் திரும்பப் புரட்டியவர்கள், சொல்லப்பட்ட அளவுக்கு முடிவு உறுதியானதல்ல என்றும் எழுதினார்கள். ஆகவே "சம்பளம் வேண்டாம், இனிக்கப் பேசினால் போதும்" என்று யாரும் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டாம்! சம்பளம் சம்பளந்தான். ஆனால் என் கணக்குப் பிரிவுக் குமாஸ்தாவை நினைத்தால், கேட்பதில் ஒரு பலன் இருக்கிறது என்பதை மறுப்பதற்கில்லை.

மிட்டாய்த் தெருவிலிருந்து வந்த சட்டம்

நம் பக்கத்துக் கதைக்கு வருவோம். நின்று வேலை செய்கிறவர்களுக்கு இடையிடையே உட்கார வசதி செய்து தர வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே எழுதினார்கள். ஆனால் அது தொழிற்சாலைக்கு. கடைக்கு அல்ல. இங்கிலாந்தில் கடைப் பெண்களுக்கு ஆசனம் போட வேண்டும் என்று 1899லேயே சட்டம் செய்துவிட்டார்கள். நம் நாட்டுக் கடைகளில் வாடிக்கையாளர் உட்கார மெத்தை உண்டு, விற்பவர் உட்கார ஒன்றும் கிடையாது. 2010இல் வந்த வசந்தபாலனின் அங்காடித் தெரு படத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கோழிக்கோட்டில் மிட்டாய்த் தெரு என்ற கடைவீதி இருக்கிறது. அங்கே தையல் வேலை செய்த விஜி என்ற பெண்மணி 2009 வாக்கில் பெண்கூட்டு என்ற அமைப்பைத் தொடங்கினார். முதலில் அவர்கள் நாற்காலி கேட்கவில்லை. கழிப்பறை கேட்டார்கள். கடைவீதியில் வேலை செய்யும் பெண்களுக்கு ஒதுங்க இடம் இல்லை. அதனால் அவர்கள் பகலெல்லாம் தண்ணீர் குடிக்காமல் இருந்தார்கள். அதிலிருந்து சிறுநீர்த் தொற்று, நின்று நின்று கால் வீக்கம், நரம்புப் புடைப்பு, இடுப்பு வலி என்று நோய்கள் வந்தன. பிறகுதான் உட்காரும் உரிமைக்கான போராட்டம். திருச்சூரிலும் ஒரு ஜவுளிக்கடைப் பெண்கள் 2014 கடைசியில் தொடங்கி 2015இலும் மாதக்கணக்கில் கடைக்கு வெளியே உட்கார்ந்து போராடினார்கள்.

2018இல் கேரள அரசு கடைகள், வணிக நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர் உட்கார வசதி செய்வதைக் கட்டாயமாக்கியது. அதே ஆண்டு பிபிசி வெளியிட்ட நூறு பெண்கள் பட்டியலில் விஜியின் பெயர் இருந்தது. தமிழ்நாடு அரசு 2021 செப்டம்பரில் சட்டமன்றத்தில் மசோதா கொண்டுவந்து, 1947ஆம் ஆண்டுக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. வேலந்தாவளத்துக்கு இந்தப் பக்கம் 2018இல் வந்த நாற்காலி, அந்தப் பக்கம் போய்ச் சேர மூன்று ஆண்டு ஆயிற்று. எங்கள் ஊர்ப் பெண்கள் பஸ்ஸில் தாண்டிவிடும் எல்லை அது.

எப்படியோ வந்துவிட்டது. ஆனால் சட்டம் ஸ்டூலைத்தான் கொண்டுவர முடியும். அதன் மேல் இருக்கும் துணிக்கட்டை யாராவது ஒரு மனிதர்தான் இறக்க வேண்டும்.

என் மேசையில் இருந்த கோப்பு

இப்போது கடைசியில் சொல்கிறேன் என்றதைச் சொல்லிவிடுகிறேன். இது என் பிழை. ஆகவே ஊரும் அலுவலகமும் வேண்டாம்.

தொண்ணூறுகளின் நடுவில், கணவரை இழந்து கருணை அடிப்படையில் வேலைக்கு வந்த ஓர் அம்மாள் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தார். அந்தக் கட்டடத்தில் அவர் ஒருவரே பெண். பெண்களுக்கான கழிப்பறை பிளாட்பாரத்தின் மறு கோடியில் இருந்தது. அவருக்காக ஒரு பழைய சாமான் அறையைக் கழிப்பறையாக மாற்ற உத்தரவாயிற்று. கட்டடப் பிரிவு தன் வேலையை முடித்துச் சுவர், கதவு, குழாய் எல்லாம் போட்டுவிட்டது. ஜன்னல் இல்லாத அறை. ஆகவே ஒரு லைட் பாயிண்டும், ஒரு எக்ஸாஸ்ட் ஃபேனும் எங்கள் பிரிவு போட்டால்தான் திறக்கலாம்.

அந்தக் கோப்பு என் மேசையில் மூன்று மாதம் இருந்தது. நான் வேண்டுமென்று தள்ளவில்லை. அதிகாரி அறைக்கு ஏசி, ஆய்வுக்காக நிலையத்துக்கு அலங்கார விளக்கு, பம்பு பழுது என்று ஒவ்வொன்றாக மேலே வந்தன. ஒரு லைட் பாயிண்ட் என்ன பெரிய வேலை, எப்போது வேண்டுமானாலும் செய்யலாம் என்று நினைத்தேன். எப்போது வேண்டுமானாலும் செய்யலாம் என்ற வேலை எப்போதும் நடப்பதில்லை.

அந்த அம்மாள் பத்து நாள் மருத்துவ விடுப்பில் போனார். திரும்பி வந்த பிறகு வேறொரு காரியமாக அங்கே போனேன். அவர் மேசையில் ஒரு தண்ணீர் பாட்டில், மூடி திறக்காமல் இருந்தது. எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார். "நீங்க குடிக்கலையாம்மா? வெயில் இப்படி அடிக்குதே" என்றேன்.

"சாயந்திரம் வீட்டுக்குப் போய்க் குடிச்சுக்குவேன் சார்" என்றார். குரலில் கோபமே இல்லை. சற்று நேரம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. பூட்டிக் கிடந்த அந்தக் கதவைத் தாண்டித்தான் நான் உள்ளே வந்திருந்தேன்.

மறுநாள் காலை நானே ஆளோடு போய் நின்று வேலையை முடித்தேன். பிற்பகலுக்குள் முடிந்துவிட்டது. மூன்று மாதம் காத்திருந்த வேலை அரை நாளில் முடிந்தது என்பதுதான் இன்றும் என்னைக் குத்துகிறது. அவரிடம் மன்னிப்புக் கேட்டேனா என்றால், இல்லை. "ரெடியாயிருச்சும்மா" என்று சாவியை மட்டும் கொடுத்தேன். அந்தக் காலத்தில் அதற்கு மேல் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

பக்கத்து வீட்டுப் பெண் துணிக்கட்டு என்றபோது எனக்குச் சிரிப்பு வராததன் காரணம் இதுதான்.

நாம் என்ன செய்யலாம்?

பெரிய செலவு எதுவும் நான் சொல்லப் போவதில்லை. வேலை வாங்கும் இடத்தில் இருப்பவர்களுக்குச் சில யோசனைகள்.

1. மாதம் ஒரு முறை உங்கள் ஊழியரின் நாற்காலியில் அரை மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். நின்று செய்யும் வேலை என்றால் நின்று பாருங்கள். விளக்கு, காற்று, சத்தம், முதுகு, எல்லாம் தானே தெரிந்துவிடும்.

2. குறை கேட்க மீட்டிங் போடாதீர்கள். மீட்டிங்கில் யாரும் கழிப்பறையைப் பற்றிப் பேச மாட்டார்கள், அதிலும் பெண்கள் பேசவே மாட்டார்கள். ஒவ்வொருவராகக் கேளுங்கள். பெண்களைப் பெண் ஒருவர் கேட்பது நல்லது.

3. சின்ன வேலையை முதலில் செய்யுங்கள். கதவுத் தாழ்ப்பாள், கண்டென்சர், குடிதண்ணீர், பல்பு, இவற்றுக்கு ஒரு வாரத்துக்கு மேல் தவணை கொடுக்காதீர்கள்.

4. சாப்பாட்டு நேரத்தை மதியுங்கள். 1918இல் சென்னையில் தொழிலாளர் சங்கம் தோன்றியபோது, மில் தொழிலாளர்கள் சொன்ன முதல் குறைகளில் ஒன்று மதியச் சாப்பாட்டுக்கு விட்ட நேரம் போதவில்லை என்பதுதான். நூறு ஆண்டு ஆகியும் கம்ப்யூட்டருக்கு முன்னால் ஒரு கையால் தயிர் சாதம் சாப்பிடும் பிள்ளைகளைப் பார்க்கிறோம்.

5. செய்ய முடியாததை "முடியாது, காரணம் இது" என்று சொல்லிவிடுங்கள். பதிலே வராத கோரிக்கைதான் மனத்தைக் கெடுக்கும்.

6. வீடும் ஒருவருக்கு வேலை செய்யும் இடந்தான். உங்கள் வீட்டுக்கு வேலைக்கு வரும் அம்மாள் எங்கே உட்காருகிறார், எந்தக் கழிப்பறைக்குப் போகிறார், எந்த டம்ளரில் தண்ணீர் குடிக்கிறார் என்று யோசியுங்கள். இதற்குச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

வேலை செய்யும் இடத்தில் இருப்பவர்களுக்கு ஒரே ஒரு யோசனை. குறையைச் சொல்லும்போது பழுதின் பெயரோடு சொல்லுங்கள். "இங்கே ஒன்றும் சரியில்லை" என்றால் யாரும் அசைய மாட்டார்கள். "ஃபேன் இறக்கையின் நிழல் புத்தகத்தில் விழுகிறது" என்றால் என்னைப் போன்ற ஒருவன் ஏணியோடு வந்துவிடுவான்.

பக்கத்து வீட்டுப் பெண்ணிடம், தொழிலாளர் துறைக்கு மனு எழுதித் தரட்டுமா என்று கேட்டேன். "வேண்டாமுங்க பெரியப்பா, வேலை போயிரும்" என்றாள். அவள் பயம் நியாயமானதே. சென்ற வாரம் மறுபடி பார்த்தபோது வேறு செய்தி சொன்னாள். மத்தியானம் கூட்டம் இல்லாத நேரத்தில் இவளும் கூட இருக்கும் பெண்களும் துணிக்கட்டை இறக்கிக் கீழே வைத்துவிட்டு, மாற்றி மாற்றி உட்காருகிறார்களாம். சூப்பர்வைசர் பார்த்துக்கொண்டே போனாராம், ஒன்றும் சொல்லவில்லையாம். அடுத்த நாள் காலையில் கட்டு மறுபடி ஸ்டூல் மேல் ஏறியிருக்குமாம். மத்தியானம் மறுபடி இறக்குவார்களாம்.

வாசகர்களில் யாருடைய கடையிலாவது, அலுவலகத்திலாவது அப்படி ஒரு ஸ்டூல் இருந்தால், நாளைக் காலையில் நீங்களே அந்தக் கட்டை இறக்கி வைத்துவிடுங்கள். யாருடைய மேசையிலாவது ஒரு லைட் பாயிண்ட் கோப்பு இருந்தால், அதை இன்றைக்கே எடுங்கள்.